மூன்று நொடி சிக்னல்

“உங்க வலது கால் மாஸ்டர்! என்னோட வலது இல்ல, உங்க வலது!”

மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்து நின்றது. நாற்காலியில் அப்பா. முதுகுப்பக்கம் பிடித்திருந்தவள் மகள். முன்கால்களைத் தாங்கியபடி பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர் அவளுடைய ஆட்டத்துக்கு டிரம் வாசிக்கும் மாஸ்டர். மாஸ்டரே தொண்ணூற்றைந்து கிலோ. அதில் பாதி வயிறு.

லிஃப்ட் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. மணி இரண்டே கால். நான்கு மணிக்கு அவள் மேடையில் நிற்க வேண்டும். மூன்று மணிக்கு அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்துவிடுவான். அதற்குள் அப்பாவைக் கீழே வேனில் ஏற்றியாக வேண்டும்.

திருட்டுத்தான். சொந்த அப்பாவைச் சொந்த வீட்டிலிருந்து திருடிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, ஒரு சந்தேகம்,” மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. “பெரியவர் நாப்பது கிலோதான்னு சொன்னே. நாற்காலி எத்தனை கிலோ?”

“பேசாம இறங்குங்க மாஸ்டர்.”

“இறங்கறேன். நாளைக்கு என்னை இதே நாற்காலில வெச்சு யாரு இறக்குவாங்கன்னுதான் யோசிக்கறேன்.”

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார். சத்தம் வராது. தொண்டையில் கத்தி வைத்த நாளோடு சத்தம் போய்விட்டது.

கீழே பூட்ஸ் சத்தம்.

ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாத, கனமான பூட்ஸ். அந்த நடை அவளுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வர வேண்டிய அண்ணன் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு படி திரும்பினான். நாற்காலியைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

“எங்க?”

மூன்று மாதத்தில் அவன் அவளிடம் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை. ஒரே வீடுதான். ஆனால் பேச்சு எல்லாம் சமையலறைச் சுவரில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில். ‘மருந்து கொடுத்தாச்சு.’ ‘டாக்டர் வியாழக்கிழமை.’ ‘கஞ்சி ஃபிரிட்ஜில்.’ யாருக்கு என்று இருக்காது. யார் எழுதியது என்றும் இருக்காது.

“ஷோவுக்கு,” என்றாள்.

“எந்த ஷோவுக்கு? இவர் சாகறதை நீ ஆடிக் காட்டற ஷோவுக்கா?”

“அவரேதான் வரேன்னாரு. நோட்டுல எழுதியிருக்காரு. வேணா பாரு.”

“ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. இங்க வீடு ரெண்டுபட்டதையே கூத்தாக்கிட்டாடா சாமி! டிக்கெட் வேற!”

“தம்பி,” மாஸ்டர் முனகினார், “திட்டறதை மட்டும் தரைத்தளத்துக்குப் போய் வெச்சுக்கலாமா? என் கை கழண்டு வந்துடும்போல இருக்கு.”

“நீங்க சும்மா இருங்க சார். இது எங்க குடும்ப விஷயம்.”

“குடும்பமே என் கையிலதான் தம்பி தொங்குது.”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் வலது கை நீண்டது.

முழங்கை மடங்காமல், தோள் உயரத்துக்கு. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி. இப்படியும் அப்படியுமாக இரண்டு வீச்சு.

மூன்று பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

அப்பா முப்பத்தோரு வருடம் துறைமுக யார்டில் சிக்னல்மேன். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் யார்டு முழுக்க அவருக்கு ‘விசில்’ என்றுதான் பெயர். அறுபதடி உயரக் கேபினில் இருக்கும் கிரேன் ஆபரேட்டருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நிற்கிறவரின் கைதான் அவனுக்குக் கண். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கை நீண்டு வீசினால் நிறுத்து. தூக்கு, இறக்கு எல்லாம் சிக்னல்மேன் சொன்னால் மட்டும்தான் கேட்பார்கள். நிறுத்து மட்டும் அப்படி இல்லை, குப்பை அள்ளுகிறவர் கொடுத்தாலும் கிரேன் நிற்க வேண்டும். அது யார்டு சட்டம்.

அந்தக் கேபினில் இருபத்துநான்கு வருடமாக உட்கார்ந்திருப்பவன் அண்ணன்.

அப்பா மகனைச் சுட்டினார். மாஸ்டர் கையிலிருந்த நாற்காலிக் கால்களைச் சுட்டினார். பிறகு சுட்டுவிரலைத் தரைக்குக் காட்டிச் சுழற்றினார்.

இறக்கு.

அண்ணன் ஏறி வந்தான். ஹெல்மெட்டை மாஸ்டர் தலையில் கவிழ்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்தான்.

“நான் வாசல்லயே நிப்பேன்,” என்றான், யாரையும் பார்க்காமல். “உள்ள வரமாட்டேன்.”

மீதி மூன்று மாடியும் ஒரு இடிகூட இல்லாமல் இறங்கியது நாற்காலி.

வேனில் மாஸ்டர் ஓட்டினார். பின்சீட்டில் அப்பா நடுவில். ஆளுக்கொரு பக்கம் பிள்ளைகள். வளைவுகளில் அப்பா சாயும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீளும். ஒன்றோடொன்று பட்டதும் இரண்டும் பின்வாங்கும்.

சண்டை மூன்றே நொடியைப் பற்றியது.

மூன்று மாதத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரி. தொண்டையில் ஆரம்பித்த வியாதி கழுத்து எலும்பு வரைக்கும் போயிருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் ஒரு வருடம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை வருடம் என்றார் டாக்டர். அந்தக் காலம் முழுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். செய்யாவிட்டால் நாலைந்து மாதம். உடனே முடிவு சொல்ல வேண்டும்.

டாக்டர் குனிந்து அப்பாவிடமே கேட்டார். “பெரியவரே, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?”

அப்பாவின் கை நீண்டது. வீசியது. விழுந்தது.

“நிறுத்தச் சொல்றாரு. வேணாம்ங்கறாரு,” என்றான் கட்டில் பக்கத்தில் நின்ற அண்ணன். காகிதத்தில் அவனே கையெழுத்தும் போட்டான்.

“அது சிக்னலே இல்ல. வலியில கை ஆடுச்சு,” என்று அவள் கத்தினாள். “பாதி மயக்கத்துல இருக்கற மனுஷனோட நடுக்கத்தைப் பாத்துட்டு உயிரை முடிவு பண்ணுவியா?”

“அந்தக் கையைப் பாத்துத்தான்டி நான் இத்தனை வருஷம் லோடு எறக்கினேன். நடுக்கம் எது, சிக்னல் எதுன்னு எனக்குத் தெரியாதா? நீ காலாட்டிப் பொழைக்கறவ. உனக்கென்ன தெரியும்?”

அன்றோடு பேச்சு நின்றது. அப்பாவிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அவள் கேட்டாள், பத்துத் தடவைக்கு மேல். கஞ்சி சூடா, ஜன்னலைத் திறக்கவா, கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது, எல்லாவற்றுக்கும் நோட்டில் பதில் எழுதுகிறவர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். பிறகு நாளும் தாண்டிவிட்டது. இனி ஆபரேஷன் செய்யவும் முடியாது என்றார் டாக்டர்.

அப்பா வாழ ஆசைப்பட்டாரா, இல்லையா? அது தெரியாமல் அவரை அனுப்பிவைக்க அவளால் முடியாது. வாயால் கேட்டுக் கிடைக்காததை ஆடிக் கேட்கலாம் என்று நினைத்தாள். இன்றைய ஆட்டம் அதற்குத்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவருக்காக.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் யார்டு கேட்டுக்கு வெளியே, கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே அப்பாவின் கை ஏறும், இறங்கும், சுழலும். பிற்பாடு அண்ணன் கேபினில் ஏறியதும் அந்தக் கை அவனுடையதாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில்கூட அப்பனும் பிள்ளையும் கையாலேயே பேசிச் சிரிப்பார்கள். தண்ணீர்ச் செம்பு வேண்டுமென்றால் ‘தூக்கு’, போதுமென்றால் ‘நிறுத்து’. அவளிடம் மட்டும் வாயால் சொல்வார்: “பாப்பா, தண்ணி எடு.”

கண்ணாடி முன் நின்று அத்தனை சிக்னலையும் அவளாகவே கற்றுக்கொண்டாள். அதிலிருந்துதான் அவளுடைய ஆட்டமே பிறந்தது. பெரிய பெரிய ஆட்கள் பாராட்டினார்கள். ஆனால் அந்தக் கை ஒரே ஒரு தடவை தன்னைப் பார்த்து நீளாதா என்ற ஏக்கம் முப்பத்தாறு வயதிலும் அடங்கவில்லை. இப்போது அந்தக் கையும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு அரங்கத்தின் பின்வாசல். அரங்கம் என்றால் பழைய கிடங்கு. உள்ளே நூற்றைம்பது நாற்காலி.

“ஸ்கார்ஃப் எங்க?” பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அப்பாவாக ஆடும் கட்டத்தில் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொள்ளும் வெள்ளை ஸ்கார்ஃப். இல்லை. நாற்காலியைத் தூக்கும் அவசரத்தில் கட்டில்மேலேயே விட்டிருக்கிறாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் மாஸ்டர். “துண்டு இல்லாமலே ஆடு தாயே.”

“முடியாது மாஸ்டர். கழுத்துல ஏதாவது இருந்தாத்தான் நான் அப்பா.”

அப்பா மடியிலிருந்த மருந்துப் பையைத் துழாவினார். அடியிலிருந்து கழுத்துக்குப் போடும் ஒரு கெட்டிக் காலரை இழுத்து நீட்டினார். இப்போது போட்டிருப்பது மெத்தென்ற பஞ்சுக் காலர். இது ஆஸ்பத்திரியில் போட்டது, தாடை முதல் தோள்பட்டை வரை பிளாஸ்டிக்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு விளக்கு அணைந்து, மேடையில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சமானது.

முதல் கட்டம் யார்டு. அவளே சிக்னல், அவளே கொக்கி, அவளே தொங்கும் சுமை. சுட்டுவிரல் சுழல முதுகு எலும்பு ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. மாஸ்டரின் டிரம், கிரேனில் கம்பிவடம் சுற்றும் வின்ச் மாதிரி கரகரத்தது. அப்பாவின் விரல்கள் மடியில் அசைந்தன. அவளுக்கு அரை நொடி முன்னதாகவே.

இரண்டாம் கட்டம் சண்டை. நீளமான ஒரு படுக்கை விரிப்பு. இடது முனையில் அண்ணன், வலது முனையில் தங்கை, இரண்டு பேரும் அவளே. அண்ணனாக நிற்கும்போது கால்கள் அகன்று, முழங்கால் மடிந்து, கேபினில் உட்கார்ந்தவனாகிவிடுவாள். தங்கையாகும்போது கால்விரல் நுனி. இழுத்தாள், இழுக்கப்பட்டாள். கண்ணுக்குத் தெரியாத சுவரில் கண்ணுக்குத் தெரியாத காகிதங்களை அறைந்து அறைந்து ஒட்டினாள். கோபம் வந்தால் அண்ணன் புறங்கையால் மூக்கைத் தேய்ப்பான். அதையும் செய்தாள். கூட்டம் சிரித்தது. உள்ளே வரமாட்டேன் என்றவன் எப்போதோ கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தான். புறங்கை மூக்கில் இருந்தது. சட்டென்று இறக்கிக்கொண்டான்.

மூன்றாம் கட்டம் ஆஸ்பத்திரி அறை.

மேடையில் நடந்தது நடந்தபடியே வைத்திருந்தாள். நடுவில் தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். இடப்பக்கம் ஒரு ஸ்டூல், அது அண்ணன் நின்ற இடம். வலப்பக்கம் இன்னொன்று, அது டாக்டர். கட்டிலின் கால்மாட்டில் ஒரு மரச்சட்டம். அது வார்டின் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே அன்று நின்றது அவள்.

முதலில் அவளாகவே ஆடினாள். அன்று காலை அப்பாவின் காதருகில் சொல்லியிருந்தாள்: “கவலைப்படாதீங்கப்பா. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, நான் கூடவே இருக்கேன். இனிமே ஆடலைன்னு குழுவுக்கு எழுதிக் குடுத்துடறேன்.” டாக்டர் உள்ளே போனதும், வெளியே மேஜை இல்லாததால் கண்ணாடியிலேயே காகிதத்தை வைத்து அந்தக் கடிதத்தை எழுதினாள். பாதிக் கையெழுத்தில் உள்ளே ஏதோ அசைய, காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். இதெல்லாம் மேடையில் எட்டுத் தாளம்.

ஒன்பதாவது தாளத்தில் கட்டிலில் சாய்ந்து, காலரை மாட்டி, அப்பாவானாள்.

ஒத்திகையில் அறுபது முறை செய்த அசைவு. டாக்டர் கேட்கிறார். அப்பாவின் தலை மெல்ல இடப்பக்கம், மகனை நோக்கித் திரும்புகிறது. கை நடுங்குகிறது, அலைகிறது, விழுகிறது. நடுக்கம்தான், சிக்னல் அல்ல என்று ஊருக்கே சொல்லும் அசைவு.

தலையைத் திருப்பினாள்.

திரும்பவில்லை.

காலர் தாடையைக் கவ்விப் பிடித்திருந்தது. இன்னொரு முறை முயன்றாள். பிளாஸ்டிக் விளிம்பு கன்னத்தை அறுத்ததுதான் மிச்சம். இடம் இல்லை, வலம் இல்லை. முகம் நேராக நின்றது. கண்ணும் நேராக நின்றது.

நேரே என்ன இருந்தது என்று பார்த்தாள்.

மாஸ்டர் ஒரு தாளம் வாசித்தார். அவள் அசையவில்லை. இன்னொன்று வாசித்தார். “தங்கச்சி!” என்று உதட்டை மட்டும் அசைத்தார். கூட்டம் இதுவும் ஆட்டம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காலருக்குள் போனது.

பிறகு கை எழுந்தது.

நடுக்கம் இல்லை. முழங்கை மடங்கவில்லை. தோள் உயரம், உள்ளங்கை தரைக்கு. ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. மூன்று நொடி. ஒத்திகையில் இல்லாத அசைவு.

மாஸ்டரின் கையே நின்றுவிட்டது.

விளக்கு அணைந்து, கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் கலைந்த பிறகும் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அண்ணன் மேடைக்கே ஏறி வந்தான்.

“மூணு மாசமா நடுக்கம்னு என்கூட சண்டை போட்டே.”

“ஆமா.”

“இன்னிக்கு நீ ஆடினது நடுக்கம் இல்லையே குட்டி. அசல் ஸ்டாப்பு. யார்டுல போட்டா எட்டு கிரேன் நிக்கும்.”

அவள் காலரைக் கழற்றினாள். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு.

“சிக்னல்தாண்ணா. நீ சரியாத்தான் படிச்சிருக்கே.”

அவன் அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். “மேல கேபின்லேருந்து பாத்தா முகம் தெரியாது குட்டி. கை மட்டும்தான் தெரியும். அன்னிக்கும் நான் கையை மட்டும்தான் பாத்தேன். அப்புறம் நீ நடுக்கம் நடுக்கம்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தப்பா படிச்சு நானே அப்பாவை முடிச்சுட்டேனோன்னு. தூக்கமே இல்ல. ஷிஃப்ட்ல லோடு எறக்கறப்போகூட கை உதறுது.”

“இனிமே உதறாது. போ, வேனைத் திருப்பி நிறுத்து. அப்பாவுக்கு மருந்து நேரமாச்சு.”

“நாலு மாடி ஏத்தணுமே.”

“ஏத்தலாம். நீ முன்னாடி பிடி.”

“நீ சரியா பிடிக்கமாட்டே. சுவத்துல இடிப்பே,” என்றான். சிரிக்க முயன்று, மூக்கைத் தேய்த்துக்கொண்டு போனான். மாஸ்டரும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிரம்மைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நழுவினார்.

முன்வரிசையில் அப்பா மட்டும்.

அவள் இறங்கி வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள்.

“அன்னிக்கு இந்தக் காலர்தானேப்பா போட்டிருந்தீங்க? உங்களால கழுத்தைத் திருப்பியிருக்கவே முடியாது.”

அப்பா அவளையே பார்த்தார்.

“அண்ணன் இடது பக்கம். டாக்டர் வலது பக்கம். நீங்க ரெண்டு பேரையும் பாக்கலை. நேரா பாத்தீங்க. நேரா இருந்தது கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான், லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு. அந்த ஸ்டாப்பு டாக்டருக்கு இல்ல. எனக்குத்தானே குடுத்தீங்க? ஆட்டத்தை விடாதேன்னு?”

அவர் கண்கள் முதலில் வாசல் கதவுக்குப் போய்த் திரும்பின. அண்ணன் இல்லை. வெளியே வேன் உறுமியது. நோட்டை எடுத்து எழுதினார்.

‘அவனுக்குத் தெரிய வேண்டாம்.’

“சொல்லமாட்டேன். சத்தியமா சொல்லமாட்டேன். ஆனா அவன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொன்னப்போ நீங்க ஏம்ப்பா திருத்தலை? காது கேட்டுதே உங்களுக்கு. கை இருந்துதே.”

‘நீ லெட்டரைக் கீழே போட்டுட்டு ஓடி வந்தே. திருத்தினா மறுபடி எடுத்துருவே.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நோட்டைப் பிடித்திருந்த அந்தக் கையை, எலும்பும் தோலுமான அந்த மணிக்கட்டை, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ஆபரேஷன்? எப்படியும் உங்களுக்கு அது வேணாம்னுதானே இருந்துச்சு? அதையாவது ஆமான்னு சொல்லிடுங்கப்பா.”

பேனா வெகுநேரம் காகிதத்தின்மேல் நின்றது. பிறகு, பிசிறில்லாத கையெழுத்தில் எழுதினார்.

‘பண்ணிக்கலாம்னுதான் இருந்தேன் பாப்பா.’